வாளுறையின் முதுகுத் தையல்

என் வலது கை நடுங்குகிறது என்று முதலில் கண்டுபிடித்தது நானும் இல்லை, என் மனைவியும் இல்லை. மார்த்தாண்டத்தில் ஒரு சாயாக் கடையில் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர். "அண்ணாச்சி, சாயா சிந்துதே" என்றார். குனிந்து பார்த்தேன். கண்ணாடி டம்ளர் என் கையில் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. சூடு தாங்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தச் சாயா ஆறி ஆடை கட்டி ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

ஆபீஸ் உத்தியோகத்தில் இருப்பவனுக்குக் கை நடுங்கினால் கையெழுத்து கோணலாகும், அவ்வளவுதான். நான் வாளுக்குத் தோலுறை தைக்கிறவன். எனக்கு வேறு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசையும் இருந்ததில்லை.

"வாளுக்கு உறையா? இந்தக் காலத்திலயா? யாரை வெட்டுகதுக்கு?" என்று கேட்காத சொந்தக்காரன் கிடையாது. சிலர் வாயால் கேட்காமல் மூக்கால் கேட்டார்கள். தோல் வேலை என்றால் சில மூக்குகளுக்கு ஆகாது. கல்யாண வீட்டில் ஒருத்தர் என்னிடம், "செருப்பும் தைப்பியளா?" என்று பல்லைக் காட்டினார். "உங்க வாய்க்கு ஒரு உறை தைக்கலாம், அளவு எடுக்கட்டா?" என்றேன். அதற்கப்புறம் அந்தக் குடும்பத்திலிருந்து எந்த விசேஷத்துக்கும் அழைப்பு வந்ததில்லை. சவம், வராவிட்டால் போகட்டும்.

ஷார்ஜாவில் கார் சீட்டுக்கும் சோபாவுக்கும் தோல் தைத்துக்கொண்டிருந்தவன் நான். ஊருக்கு வந்து குஷன் கடை போட்டேன். பழைய வாள்கள் சேர்க்கிற கிறுக்குப் பிடித்த ஒரு வக்கீல் தன் காருக்கு சீட் மாற்ற வந்தார். சீட்டுக்கடியில் போர்வையில் சுற்றி ஒரு வாள் கிடந்தது. உறை இல்லாத வாள். "இதுக்கு ஒண்ணு செய்ய முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாததால் சரி என்றேன். முதல் உறையைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கும். புடலங்காய் தோற்றுப்போகும், அத்தனை வளைவு. ஆனால் அந்த வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளில் குஷன் கடையை மூடிவிட்டு வீட்டு முன்னறையில் உட்கார்ந்துவிட்டேன்.

வாள் வைத்திருப்பவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று அதுவரைக்கும் தெரியாது. களரி ஆசான்கள் வந்தார்கள். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையானால் ஐரோப்பாக்காரன் பழைய காலத்தில் வீசின நீளவாளை வீசிப் பழகுகிற பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் முக்கால்வாசிப் பேர் பரம்பரை வாள்காரர்கள். கேரள எல்லையான களியக்காவிளைக்கு அப்பாலிருந்தும் இப்பாலிருந்தும் பெட்ஷீட்டில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டுவருவார்கள். வந்தவர்கள் எல்லாருமே, "இது குளச்சல் சண்டையில டச்சுக்காரனை வெட்டின வாளாக்கும்" என்பார்கள். நான் உறை போட்ட வாள்களின் கணக்கைப் பார்த்தால், அந்த டச்சுக்காரர்கள் ஒவ்வொருவனும் பலமுறை பிழைத்து எழுந்து மறுபடி வெட்டு வாங்கியிருக்க வேண்டும். வாயைத் திறக்காமல் தலையாட்டிக்கொள்வேன். என் தொழிலுக்கு வாளின் கதை வேண்டாம், வாள் வேண்டும். போட்டோவை அனுப்பி, அளவை அனுப்பி, உறை கேட்பவர்களை நான் திட்டியே அனுப்பியிருக்கிறேன். ஒரே பட்டறையில் ஒரே கொல்லன் அடித்த இரண்டு வாள்கூட ஒரு உறைக்குள் போகாது.

வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

முதலில் பாலை மரத்தில் மெல்லிசாக இரண்டு பலகை சீவி, வாளின் வடிவத்துக்கு உள்ளே குடைந்து, துணி ஒட்டி, இரண்டையும் சேர்ப்போம். அதன் மேல்தான் தோல். மரப்பட்டையில் ஊறப்போட்டுப் பதனிட்ட தோலாக இருக்க வேண்டும். கடையில் பளபளவென்று கிடைக்கிற குரோம் தோல் ஆகாது, அதிலிருக்கும் மருந்து இரும்பைத் தின்றுவிடும். பட்டைத் தோலைத் தண்ணீரில் முக்கி, துண்டில் ஒற்றி எடுத்து, ஈரத்தோடு மரத்தின் மேல் இழுத்துப் போர்த்த வேண்டும். இரண்டு ஓரமும் பின்பக்கம் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். அந்த வரப்பில் உறையின் வாயிலிருந்து நுனி வரைக்கும் துளை போட்டுத் தைக்க வேண்டும். அதுதான் முதுகுத் தையல். தோல் காயக் காய இறுகி மரத்தைக் கவ்விக்கொள்ளும். காய்ந்த பிறகு வரப்பைச் சீவி வழவழப்பாக்கிவிட்டால், தையல் மட்டும் ஒரு கோடாகத் தெரியும்.

ஈரம் இருக்கிறபோதே தைத்து முடித்துவிட வேண்டும் என்பதுதான் இதில் உள்ள ஒரே கஷ்டம். பாதியில் காய்ந்தால் தோல் வராது, அடம்பிடிக்கும். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று விட்டு இழுக்கிற தையல் அது. ஒருத்தனே இரண்டு கையாலும் செய்யலாம். நான் அப்படித்தான் செய்து, நீளவாள் உறைகளை நுனிக்கு வரும் முன்னே காயவிட்டுக் கெடுத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் என் மனைவி அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளிவிட்டு வந்து, பெஞ்சுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். "ஒரு ஊசிய இங்கோட்டு தாங்க" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் நாகர்கோவிலில் ஒரு எம்பிராய்டரி சென்டரில் வேலை பார்த்தவள். மேசை விரிப்புகளில் பூத்தையல் போடுவாள். அவள் கையில் தோலும் துணியும் ஒன்றுதான். அன்றிலிருந்து முதுகுத் தையல் எங்கள் இருவருக்கும் பொதுவானது. கிட்டி என்கிற மரப்பிடியில் உறையை நிறுத்தி, நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். நான் விட்ட ஊசியை அவள் வாங்குவாள், அவள் விட்டதை நான் வாங்குவேன். இருவரும் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஒரு ஆள் ஓங்கி இழுத்தால் தையல் அந்தப் பக்கம் சாயும். கட்டிக்கொண்ட புதிதில் நாங்கள் பேசிக்கொண்டதைவிட அந்தப் பெஞ்சில் பேசிக்கொண்டது அதிகம். சண்டை போட்டாலும் அங்கேதான் போடுவோம், ஈரம் காய்வதற்குள் சமாதானமும் ஆகிவிட வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் சாயா சிந்தியது.

நாகர்கோவில் நரம்பு டாக்டர் என்னை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், காகிதத்தில் வட்டம் போடச் சொன்னார். பிறகு பெயரைச் சொன்னார். நடுக்குவாதம். "போகாது. மெதுவாக் கூடும். மருந்தால தள்ளிப்போடலாம்" என்றார். அவருக்குத் தினமும் பத்துப் பேரிடம் சொல்லிப் பழகின வார்த்தைகள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "ஊசி பிடிக்கலாமா?" அவர், "சும்மா இருக்கும்போதுதான் நடுக்கம் ஜாஸ்தி. வேலை செய்யும்போது சிலருக்குக் குறையும். பிடிச்சுப் பாருங்க" என்றார். மூழ்கப்போகிறவனிடம் ஒரு ஓலை நுனியை நீட்டினால் போதுமே. குறையும் என்று அவர் சொன்னதை நான் நின்றுவிடும் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மறுநாள் காலை பெஞ்சில் உட்கார்ந்தேன். தையல் நேராக வந்தது.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உள்ளபடி சொல்லத்தான் வேண்டும். தைக்கும்போது கை ஆடுகிற மாதிரிதான் இருந்தது. ஊசி துளையைத் தேடித் தடவியது. இழுக்கும்போது நூல் எகிறியது. தைத்து முடிக்கும்போது, இன்றைக்குக் கெட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டே எழுந்தேன். மத்தியானம் தூங்கி எழுந்து வந்து பார்த்தால், வாயிலிருந்து நுனி வரைக்கும் நூல் பிடித்த மாதிரி ஒரே சாய்வு, ஒரே இறுக்கம். என் பழைய தையல். கைதான் ஆடுகிறது, வேலை ஆடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கொள்ளாம், நல்லாருக்கு" என்றாள். பிறகு அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. துளை போடுகிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். "உங்களுக்குக் குனிஞ்சா முதுகு வலிக்கும்லா" என்றாள். எனக்கு முதுகுவலி இருந்தது உண்மைதான். தைத்து முடித்ததும் உறையின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். "இது எதுக்குட்டி?" என்று கேட்டதற்கு, "காத்து பட்டுச் சடக்குனு காஞ்சா வெடிக்கும்" என்றாள். அப்படி எந்த உறையும் வெடித்ததில்லை. ஆனால் அவள் பெண்டாட்டி, நான் புருஷன். சில விஷயங்களில் வாதாடி ஜெயிப்பதைவிட சும்மா இருப்பது லாபம் என்று எனக்குப் பழக்கமாகியிருந்தது. மாத்திரை வேறு ஆளைச் சாய்க்கும். சோறு தின்றதும் கண்ணைச் செருகிக்கொண்டு வரும். படுத்தால் சாயங்காலம் வரைக்கும் தெரியாது. எழுந்து வரும்போது துணியை எடுத்திருப்பாள், தையல் நேராக இருக்கும்.

அந்த மாதங்களில் நான் அடித்த தம்பட்டம் கொஞ்சமல்ல. சபையில் ஆராதனை முடிந்து வாசலில் நிற்கிறவர்களிடம் போனில் படம் காட்டினேன். "கை ஆடும் மக்கா, ஆனா ஊசியக் கண்டா அடங்கிரும்" என்றேன். எனக்காக ஜெபம் செய்கிறோம் என்று சொன்னவர்கள், அது ஜெபத்தின் பலன்தான் என்றார்கள். என் கைக்கும் அதில் பங்கு உண்டு என்று நான் திருத்தினேன். டாக்டரிடமும் அந்தப் படங்களைக் கொண்டுபோனேன். அவர் என்னை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு மருந்தைக் கூட்டலாம் என்றார். நான் போனை நீட்டினேன். "இதப் பாருங்க சார். இது நடுங்குற கை தைச்சதா?" அவர் பெரிதாக்கிப் பார்த்தார். ஆச்சரியமாக இருக்கிறது என்றார். சரி, இப்போதைக்கு இதே அளவில் போகட்டும் என்று எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "டாக்டர் சொல்லுகபடி கூட்டினா என்னவாம்?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரி" என்றேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளை எல்லார் முன்னாலும் அதட்டியதற்குக் கோபம் என்று நினைத்தேன்.

பெஞ்சில் மட்டும் அவள் ஒரு புது ஆளாக இருந்தாள். முன்பெல்லாம் நான் பேசுவேன், அவள் உம் கொட்டுவாள். இப்போது அவள் பேசினாள். எம்பிராய்டரி சென்டரில் அவளோடு வேலை பார்த்தவர்களின் கதைகள், இத்தனை வருஷமும் என்னிடம் சொல்லாதவை, ஒவ்வொன்றாக வந்தன. என் கை துளையைத் தேடித் தடவுகிற நேரத்திலெல்லாம் ஒரு கதை ஆரம்பிப்பாள். நான் சிரித்துக்கொண்டே தேடுவேன், அவளும் சிரிப்பாள். வியாதி வந்த மனிதன் சொல்லக் கூடாது, ஆனாலும் என் வாழ்க்கையிலேயே நல்ல காலைகள் அவை. சாகும் வரைக்கும் இப்படியே போனால் போதும் என்று ஒருநாள் அவளிடமே சொன்னேன்.

ஐப்பசி மழையில் பாறசாலைப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். பாங்கில் வேலை. அதிர்ந்து பேசாத மனுஷன். அவர் கொண்டுவந்த வாளுக்கு டச்சுக்காரன் கதை இல்லை. "அப்பனுக்க வாளு" என்றார். அப்பா போன வருஷம் இறந்துவிட்டார். அவர் இருந்தவரைக்கும் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, வேட்டியில் சுற்றி வைத்திருந்தாராம். "எனக்கு அந்த மாதிரி தொடச்சு வைக்கத் தெரியாது சேட்டா. ஒரு நல்ல உறையில இருந்தா அது பாட்டுக்கு இருக்கும்லா?" என்றார். இருக்கும் என்றேன். என் உறையில் வைத்தால் உங்கள் பேரன் காலத்திலும் இருக்கும் என்றேன்.

வழக்கம்போல் செய்தோம். தோலை நனைத்தேன், போர்த்தினேன், தைத்தோம். அவள் துணி போட்டு மூடினாள், நான் தூங்கினேன். ஒரு நனைப்பு நனைத்த உறை மழைக்காலத்தில் எத்தனை நாள் காய வேண்டும் என்பது எனக்குக் கைப்பழக்கம். அந்தக் கணக்கோடு இரண்டு நாள் கூடவே வைத்தேன். வெளியே தடவிப் பார்த்தால் சுக்காகக் காய்ந்திருந்தது. வரப்பைச் சீவி, மெழுகு தேய்த்து, நுனியில் பித்தளைக் குப்பி மாட்டி, வாளை அவர் முன்னாலேயே உள்ளே இறக்கினேன். வாய்வரைக்கும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தை மாதத்தில் திரும்ப வந்தார். போன் பண்ணாமல் வந்தார். உறையோடு பெஞ்சில் வைத்துவிட்டு, "சேட்டா, ஒண்ணு பாக்கணும்" என்றார். வாளை உருவப்போனேன், வழக்கமாக வழுக்கி வருவது பிடித்துக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் பளிச்சென்று இருந்தது. திருப்பினேன். மறுபக்கத்தில், பிடியிலிருந்து நுனிவரைக்கும், நடுவில் நேர்கோடாகத் துரு. உறையில் எங்கே முதுகுத் தையல் ஓடுகிறதோ அதே இடத்தில், அதே நீளத்துக்கு.

நான் தொழிலுக்கு வந்த பிறகு என் உறைக்குள் ஒரு வாளும் துருப்பிடித்ததில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன். அவர், "சாரமில்ல, செரியாக்கினா மதி" என்றார், பரவாயில்லை, சரியாக்கினால் போதும் என்று. அப்பா துடைத்து வைத்த வாள். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. துருவைத் தேய்த்து எடுத்துத் தருகிறேன், வேறு உறையும் செய்து தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எடுத்தும் கொடுத்தேன். ஆனால் ஆழமாகத் தின்ற இடத்தில் நிழல் மாதிரி ஒரு கோடு நின்றுவிட்டது. அது இனிப் போகாது.

அவர் போனதும் கத்தியை எடுத்து உறையின் முதுகைக் கிழித்தேன். தோலை உரித்துப் பலகையைப் பிளந்தேன். உள்ளே ஒட்டின துணி தையலுக்கு நேரே கறுத்துக் கிடந்தது. மரத்தில் தண்ணீர் இறங்கின தடம், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. ஒரு நனைப்புக்கு இத்தனை தண்ணீர் இறங்காது. முழுத் தோலையும் ஒற்றி எடுத்துத்தான் நான் போர்த்துவேன், மரத்தில் லேசாக ஒரு தடம்தான் விழும். இது மேலேயிருந்து தையல் வழியாக ஊற்றின தண்ணீர். யார் ஊற்றினார்கள்? இந்த வீட்டில் தோலை நனைக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

பலகையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். நான் ஒரு தடவை நனைத்துவிட்டு, நனைத்ததை மறந்து, மறுபடி போய் நனைத்திருக்கிறேன். வேறு வழியே இல்லை. கை போவது பற்றி டாக்டர் சொல்லியிருந்தார். சிலருக்குப் பின்னால் ஞாபகமும் போகும் என்பதையும் சொல்லியிருந்தார். எப்போது என்று சொல்லவில்லை. இதோ, வந்துவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்குப் பயந்ததுபோல் நான் எதற்கும் பயந்ததில்லை.

அவள் முற்றத்திலிருந்து வந்தாள். பிளந்த பலகையைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது. அதையும் நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

"ஏட்டி, எனக்கு மூளையும் போச்சு" என்றேன். "ரெண்டாமத்தும் நனைச்சிருக்கேன். ஒண்ணும் ஓர்ம இல்ல. கை போனா போட்டுன்னு இருந்தேன். இனி உன்னையே யாருன்னு கேக்கப்போறேன்."

அழுதேன். மனைவி முன்னால் அதுவரை அழுததில்லை. எங்கள் மகளைக் கட்டிக்கொடுத்து வண்டி ஏற்றின அன்றைக்குக்கூட கிணற்றடியில் போய்த்தான் அழுதேன்.

அவள் பெஞ்சுக்கு அந்தப் பக்கம், அவளுடைய இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் மறக்கல்ல" என்றாள். "நனைச்சது நானாக்கும்."

எனக்குப் புரியவில்லை. "நீ எதுக்கு நனைக்கணும்?"

"பிரிச்சுட்டுத் தைக்கணும்னா திரும்ப நனைக்காண்டாமா?"

அதற்குப் பிறகு அவள் தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து தைத்த முதல் உறையிலேயே என் பக்கத்துத் தையல் தாறுமாறாக இருந்திருக்கிறது. ஒன்று தொங்கியும், ஒன்று தோலை அறுத்துக்கொண்டும். நான் தூங்கின பிறகு ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்து, காய ஆரம்பித்த வரப்பை ஈரத்துணியாலும் பஞ்சாலும் நனைத்து இளக்கி, அதே துளைகளில் இரண்டு ஊசியையும் அவளே பிடித்துத் தைத்திருக்கிறாள். என் இழுப்பு எப்படி இருக்கும், என் சாய்வு எப்படி இருக்கும் என்று எதிரில் உட்கார்ந்து பார்த்துப் பழகினவளுக்கு அது கஷ்டமில்லை. வெயில் மாதங்களில் அந்த இரண்டாம் ஈரம் தானாகக் காய்ந்துவிட்டது. ஐப்பசியில் காயவில்லை. நாள் கணக்கு வைத்தது நான், நான் ஒரு நனைப்புக்குத்தான் கணக்கு வைத்தேன்.

"அந்த வாளு போகும்ப எனக்கு வெப்ராளமும் பயமுமாட்டு இருந்துது" என்றாள். "இன்னும் நாலு நாளு வையுங்கன்னு சொல்ல வந்தேன். ஏன்னு கேட்டா என்ன சொல்லுகது?"

"டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா. மருந்தக் கூட்டியிருப்பாரே."

"வாய் வரைக்கும் வந்துது. சொன்னா நீங்க ஊசியக் கீழ வச்சிருவியளே." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "உங்கள எனக்குத் தெரியாதா? ஊசிய வச்சா அப்புறம் நீங்க எந்திரிக்கவே மாட்டிய."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். எனக்கு எதற்கும் கோபம் வரும், அது என் குணம். அன்றைக்கு வரவில்லை. சபை வாசலில் நான் நீட்டின போன், டாக்டர் பெரிதாக்கிப் பார்த்த படம், ஊசியைக் கண்டால் அடங்கிவிடும் என்ற பேச்சு, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஊரெல்லாம் என் கை என்று காட்டிக்கொண்டு திரிந்தது அவள் கையை. மருந்தைக் கூட்டாமல் விட்ட அந்த மாதங்கள் இனித் திரும்பாது, அதுவும் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வலித்தது அதுகூட இல்லை. நான் கேட்டேன்:

"இத்தன உறை போச்சே. நான் தைச்சது ஒண்ணாவது வெளிய போயிருக்கா?"

ஒன்றிரண்டு என்று அவள் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்புவதற்குத் தயாராகத்தான் கேட்டேன்.

"இல்ல" என்றாள்.

பெஞ்சின் மேல் என் வலது கை ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதன் மேல் தன் கையை வைத்தாள். ஆட்டம் நிற்கவில்லை, அவள் கையும் சேர்ந்து ஆடியது. நான் என் கையை உருவிக்கொண்டேன். அவளுக்கு வலிக்க வேண்டும் என்று செய்யவில்லை. ஆனால் வலித்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் ஊசி பிடிக்கவில்லை. மருந்தைக் கூட்டியாகிவிட்டது. பட்டன் போட முடிகிறது, சாயா குடிக்க முடிகிறது. உறை கேட்டு வருகிறவர்களிடம் இனி அவள்தான் செய்வாள் என்று சொல்லிவிட்டேன். பாறசாலைக்காரருக்குப் புது உறையை அவள் ஒருத்தியாகத் தைத்துக் கொடுத்தாள். நல்ல உறை. மரம் சீவுவதற்கு ஆள் வைத்திருக்கிறோம். நான் தோலைத் தடவிப் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று மட்டும் சொல்கிறேன். சொல்வதைக் கேட்டுக்கொள்கிறாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம், மகளிடம் ஒன்றாகப் பேசுகிறோம். அவள் செய்ததை மன்னிக்க என்ன இருக்கிறது? எனக்காக முதுகொடியத் தைத்தவள். எதிரில் உட்கார்ந்து என் கை தடுமாறுவதை முழுக்கப் பார்த்துக்கொண்டே, மத்தியானம் எதைப் பிரிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டே, எனக்குக் கதை சொன்னவள்.

அந்தக் கதைகளுக்கு நான் சிரித்தேன். அவளும் சிரித்தாளே, அது என்ன சிரிப்பு? என் தையல் மாதிரி அதுவும் எனக்காகச் செய்து வைத்ததுதானா, இல்லை, கொஞ்சமாவது அவளுக்கும் சந்தோஷமாக இருந்ததா? பலமுறை கேட்க வாயெடுத்திருக்கிறேன். ஆனால் நேராகக் கேட்டால் அவள் பொய் சொல்லமாட்டாள். அதனால் கேட்கவில்லை.